கைப்பிடியில் கட்டிய தேசிக்காய்

கனடாவின் மொன்றியல் நகரில் பழைய கார் வாங்கப் புறப்படும் யாழ்ப்பாணத்தார் மனைவியைக் கூட்டிக்கொண்டு போகிறார்களோ இல்லையோ, நகுலேஸ்வரனைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் போய், இயந்திரத்தை மூடியிருக்கும் பொனற்றைத் திறப்பார். எண்ணெய்க் கம்பியை உருவி மணந்து பார்ப்பார். விரலில் தேய்ப்பார். சில்லுக்கு ஒரு உதை. பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு "உம்" என்பார். அது நல்ல உம்மா கெட்ட உம்மா என்று தெரியாமல் வாங்க வந்தவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். பாதி வேளைகளில் அந்த உம்முக்குப் பின்னால் ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் நகுலேஸ்வரன். மற்றவர் அவர் மனைவி சிவாஜினி.

அதற்காக அவரை ஏமாற்றுக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். அகதியாக வந்து இறங்கிய காலத்தில் உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு லைசென்ஸ் எடுத்துக் கடைகளுக்குப் பாண் ஏற்றும் வான் ஓடி, இப்போது சென்-லோரானில் ஒரு மொத்தக் கடைக்கு மரக்கறி வான் ஓடுகிறவர். உறைபனி நாளில் மற்றவர்கள் வீதியோரம் ஒதுங்கி நிற்கும்போது இவர் மெல்ல மெல்ல வீடு வந்து சேர்ந்துவிடுவார். ஆனால் முதலாளியிடம் பிரெஞ்சில் நாலு வார்த்தை எதிர்த்துக் கதைக்கத் தெரியாது. கோயில் கூட்டத்தில் எழுந்து நின்றால் யாராவது, "அண்ணை, இருங்கோ, பேந்து கதைப்பம்" என்று அமர்த்திவிடுவார்கள். வாகனம் என்று வந்தால் மட்டும்தான் சனம் அவர் வாயைப் பார்க்கும். அந்த ஒரு பெயரை அவர் நிறைகுடம் மாதிரித் தளம்பாமல் காவிக்கொண்டு திரிந்தார். அதுவும் போனால் தன்னிடம் வேறு என்ன இருக்கிறது என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு.

இப்படிப்பட்ட மனுசனிடம்தான் லவாலிலிருந்து சம்பந்தி அருளம்பலம் தொலைபேசி எடுத்தார். நகுலேஸ்வரனின் ஒரே மகள் சாருஜாவைக் கட்டியிருப்பது அருளம்பலத்தின் மகன். அருளம்பலம் அரசாங்கக் கந்தோரில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர், படித்தவர், அளந்து கதைப்பவர்.

"சம்பந்தி, நான் ஒரு ஃபிஃப்த்-வீல் ட்ரெயிலர் வாங்கிப்போட்டன். உள்ளுக்குக் குசினி, படுக்கை, எல்லாம் இருக்கு. கோடைக்கு ரெண்டு குடும்பமும் காஸ்பே கடற்கரைப் பக்கம் போவம். இழுக்கிறதுக்கு உங்கடை பிக்கப் இருக்குத்தானே? எனக்கு உதிலை ஒரு அறுப்பும் தெரியாது. கொளுவியிலிருந்து எல்லாம் உங்கடை பொறுப்பு."

நகுலேஸ்வரன் வாழ்நாளில் எதையும் பின்னால் கொளுவி இழுத்தவரல்ல. பிக்கப்பை ஆசைக்கு வாங்கி வைத்திருந்தார். அதில் இதுவரை ஏற்றியது கோயில் திருவிழாவுக்கு மடக்குக் கதிரைகளும் தண்ணீர்ப் போத்தல்களும்தான். "எனக்குத் தெரியாது சம்பந்தி" என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். சொன்னாரா? இல்லை. "அதுக்கென்ன, நான் பாக்கிறன்" என்றார். தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினால் சிவாஜினி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னப்பா, உங்களுக்கு உது தெரியுமே?"

"தெரியாட்டி என்ன, பழகலாம்தானே!"

அன்றிலிருந்து அஹுன்ட்சிக்கிலிருந்த அந்தக் கீழ்வீட்டு வரவேற்பறையில் தொலைக்காட்சி நாடகம் நின்றது. புருசனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ட்ரெயிலர் கொளுவும் வீடியோக்களாகப் பார்த்தார்கள். நகுலேஸ்வரன் இடையில் கண்ணயர்ந்துவிடுவார். சிவாஜினி முடிவு வரைக்கும் பார்ப்பாள்.

கொளுவி வாங்க லவாலுக்கு அப்பால் நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றுக்குப் போனார்கள். சாதாரண ட்ரெயிலருக்கு வாகனத்தின் பின்னால் ஒரு குண்டு இருந்தால் போதும். இதற்கு அப்படியல்ல. பிக்கப்பின் பெட்டிக்குள், பின் அச்சுக்கு மேலே, ஒரு பெரிய இரும்புத் தட்டைப் பூட்ட வேண்டும். ட்ரெயிலரின் மூக்கிலிருந்து கீழே நீளும் தடித்த முளை அந்தத் தட்டின் பிளவுக்குள் வந்து நுழையும். உள்ளே இரண்டு தாடைகள் அதைக் கவ்விக்கொள்ளும். நகுலேஸ்வரன் கடையில் இருந்தவற்றுள் பார்வைக்கு மிகப் பாரமாக இருந்த ஒன்றைத் தட்டிப் பார்த்து "உம்" என்றார். கடைக்காரர் பிரெஞ்சில் என்னவோ கேட்டார். இவர் "உய், உய்" என்று தலையாட்டினார்.

சிவாஜினி நீண்டகாலமாக ஒரு கார்டெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், வேலை செய்பவள். சின்னப்பிள்ளைகளோடு கதைத்துக் கதைத்துப் பழகிய பிரெஞ்சு, சுற்றி வளைக்காது. "எங்கடை பிக்கப்பின்ரை பெட்டி கட்டை. வளைச்சுத் திருப்பேக்கை ட்ரெயிலர் எங்களிலை இடிக்காதோ?" என்று நேரே கேட்டாள். கடைக்காரர் இவ்வளவு நேரமும் தவறான ஆளோடு கதைத்துவிட்டேன் என்பது போல அவள் பக்கம் திரும்பினார். ஒரு கையைப் பிக்கப்பாகவும் மறு கையை ட்ரெயிலராகவும் வைத்துக் காட்டினார். கட்டைப் பெட்டியில் அசையாத கொளுவியைப் பூட்டினால், இறுக்கமாக வளைக்கும்போது ட்ரெயிலரின் மூலை வந்து பிக்கப்பின் பின்கண்ணாடியை உடைக்குமாம். வளைவில் பின்னுக்குச் சறுக்கிக் கொடுக்கும் கொளுவிதான் இதற்குச் சரி என்றார். அதைத்தான் வாங்கினார்கள்.

அடுத்த ஞாயிறு சம்பந்தி வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது நகுலேஸ்வரன் சொன்னது இது: "பெட்டி கட்டை சம்பந்தி. அசையாத கொளுவி போட்டிருந்தால் பின்கண்ணாடி போயிருக்கும். அதுதான் நான் யோசிச்சுப் பாத்து, சறுக்குற வகையா எடுத்தனான்."

அருளம்பலம், "அதுதானே உங்களைக் கேட்டனான்" என்று மெச்சினார். சிவாஜினி கோப்பைக்குள் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

ட்ரெயிலர் இன்னும் அதை விற்ற கடையின் வளவில்தான் நின்றது; அங்கேயே பழகினார்கள். இரண்டு பேருக்கும் ஒரு முறை படிந்து வந்தது. அவர் மெல்லப் பின்னுக்கு வருவார். அவள் பெட்டியோரம் டோர்ச்சோடு நின்று, முளை சரியான உயரத்தில் வருகிறதா என்று பார்த்துக் கைகாட்டுவாள். "டக்" என்று சத்தம் கேட்டதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடி உள்ளே போக வேண்டும். போனால் அவள் தாடைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்து, "பூட்டிட்டுது" என்பாள். அப்போதும் ட்ரெயிலரின் முன்கால்களை உயர்த்தக் கூடாது. கால் நிலத்தில் நிற்க, பிக்கப்பைச் சற்று முன்னுக்கு இழுத்துப் பார்க்க வேண்டும். பூட்டாமல் இருந்தால் பிக்கப் மட்டும் கழன்று போகும், ட்ரெயிலர் பத்திரமாகக் காலில் நிற்கும். கால்களை உயர்த்துவது அதற்குப் பிறகுதான். இந்த இழுப்பை மறக்கவிடாமல் ஒவ்வொரு தடவையும் ஞாபகப்படுத்தியவள் சிவாஜினி.

புது வாகனம் என்றால் பூசை போடாமல் வீதியில் இறக்குவோமா? ஒரு வெள்ளிக்கிழமை காலை, கோயில் வாகனத் தரிப்பிடத்தில் ட்ரெயிலரைக் கொண்டுவந்து, கழற்றி, முன்கால்களில் நிறுத்தினார்கள். மாலை போட்டு, முகத்தில் சந்தனம் பூசி, கலியாண வீட்டுக்கு வந்த யானை மாதிரி அது நின்றது. பூசைக்கு வந்த சனம் முழுக்க வெளியே வந்துவிட்டது. கொளுவுவதற்கு முன் கொளுவிக்கும் ஒரு தீபம் காட்ட வேண்டும் என்றார் ஐயர். ராகுகாலம் தொடங்க முன் வாகனம் நகர வேண்டும், கெதியாகச் செய்யுங்கள் என்றும் சொன்னார்.

தேசிக்காயும் செத்தல் மிளகாயும் கோத்த தடித்த கயிறு சிவாஜினியின் கையில் இருந்தது.

"இதை எங்கை கட்டுறது?"

"அந்தக் கைப்பிடியிலை கட்டு" என்று நகுலேஸ்வரன் விரலை நீட்டினார்.

"அது பூட்டேக்கை உள்ளுக்குப் போற கைப்பிடியெல்லோ?"

"சொன்னதைச் செய்யப்பா. சனம் பாக்குது."

பக்கத்தில் தேங்காயோடு அருளம்பலமும் அவர் மனைவியும் நின்றார்கள். சிவாஜினி கட்டினாள். கட்டிவிட்டுக் கைப்பைக்குள்ளிருந்து டோர்ச்சை எடுத்தாள்.

நகுலேஸ்வரனுக்கு உடம்பெல்லாம் கூசியது. வாகனத்துக்குப் பெயர் போன மனுசன், மனைவி டோர்ச் அடித்துச் சரி பிழை சொல்ல, அவள் சொல்லுக்குக் காத்துக்கொண்டு வண்டிக்குள் குந்தியிருப்பதா? அதுவும் சம்பந்தி வீட்டாருக்கு முன்னால்? "அதை உள்ளை வை. போய்ப் பொம்பிளையளோடை நில்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. அவள் டோர்ச்சை வைத்துவிட்டு ஆராத்தித் தட்டை வாங்கிக்கொண்டு ஒதுங்கினாள். போகும்போது, "ஒருக்கா இழுத்துப் பாருங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

அவர் பின்னுக்கு வந்தார். "டக்" என்று கேட்டது. இறங்கி மேலோட்டமாக எட்டிப் பார்த்தார், தேசிக்காய் ஆடியது, எல்லாம் சரி போலத்தான் இருந்தது. ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். இவ்வளவு சனத்துக்கு முன்னால் ஒரு முழத் தூரம் இழுத்து நிறுத்தினால், மனுசனுக்குத் தன் வேலையில் நம்பிக்கை இல்லை என்று நினைக்கமாட்டார்களா? முன்கால்களை உயர்த்தினார். சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார்கள். நசுங்கியது. "அரோகரா!" என்று சனம் கூவ, பிக்கப் கம்பீரமாக நகர்ந்தது.

பிறகு கேட்ட சத்தத்தை அவர் செத்தாலும் மறக்கமாட்டார். முளை பிளவிலிருந்து வழுகி வெளியே வந்து, ட்ரெயிலர் தன் முழுப் பாரத்தோடும் மூக்குக் குப்புறப் பிக்கப்பின் பெட்டி விளிம்புகளில் விழுந்து குந்தியது. இரண்டு பக்கத் தகடும் மடங்கிப் போயின. ட்ரெயிலரின் முன்வயிறு கிழிந்து தொங்கியது. ஒருவருக்கும் காயமில்லை, அந்தளவில் கடவுள் காப்பாற்றினார். மற்றும்படி மானம் கப்பலேறிவிட்டது.

நகுலேஸ்வரன் இறங்கி வந்தார். கொளுவியைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. கைப்பிடி உள்ளே போகிற இடத்தில் தேசிக்காய்க் கயிறு சுருண்டு சப்பளிந்து கிடந்தது. அது அடைத்ததால் கைப்பிடி முழுதாக உள்ளே போகவில்லை, தாடை முழுதாக மூடவில்லை. டோர்ச் அடித்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். இழுத்துப் பார்த்திருந்தால் ட்ரெயிலர் காலிலேயே நின்றிருக்கும். அவர் நிமிர்ந்தார். சனம் முழுக்க அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

கயிற்றை இழுத்தெடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

"ஆர் இதை இதிலை கட்டினது?"

பாருங்கள், மனுசன் ஒரு பொய் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார், பதில் தெரிந்த கேள்வி. எல்லாத் தலைகளும் திரும்பின. ஆராத்தித் தட்டோடு நின்ற சிவாஜினி அவருடைய கண்ணை நேராகப் பார்த்தாள்.

"நான்தான்" என்றாள்.

அவ்வளவுதான். யாரோ "சாச்சா!" என்றார்கள். கோயில் சபையைச் சேர்ந்த கணேசலிங்கம், "உந்த விசயங்கள் அக்காவுக்கு எங்கை விளங்கப் போகுது, விடுங்கோ அண்ணை" என்று நகுலேஸ்வரனின் தோளைத் தட்டினார். பெயர் தப்பிவிட்டது. அந்த ஒரு கணம், வெட்கக்கேட்டைக் கேளுங்கள், அவருக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

ஆறுதல் வீடு வந்து சேரும் வரைக்கும் நிற்கவில்லை. இரவல் வாங்கிய காருக்குள் சிவாஜினி ஏதாவது சொல்லுவாள், ஏசுவாள் என்று பார்த்தார். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டில் சோறு போட்டாள், குழம்பு விட்டாள், "உப்புக் காணுமே?" என்று கேட்டாள். மறுநாளும் அப்படியே. ஒரே ஒரு வித்தியாசம். அவர் எதைச் சொன்னாலும் "சரி" என்றாள். முன்பெல்லாம் "அப்பிடியில்லையப்பா" என்று தொடங்குகிற பெண், இப்போது அவர் பிழையான வழியில் வாகனத்தைத் திருப்பினாலும் பேசாமல் இருந்தாள். இருப்புக் கொள்ளவில்லை மனுசனுக்கு. ஏசியிருந்தால் திருப்பி ஏசிவிட்டு மறந்திருப்பார்.

கதை ஊரெல்லாம் பரவியது. அவளுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள், தேசிக்காய் அக்கா. கோயிலில் மாலை கட்ட உட்கார்ந்தால், "அக்கா, முடிச்சைப் பாத்துப் போடுங்கோ, சாமி விழுந்திடும்" என்று கணேசலிங்கம் பகிடி விட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிவாஜினியும் சிரித்தாள். தூணடியில் நின்ற நகுலேஸ்வரனுக்குக் காதுமடல் கொதித்தது. வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்தார். வாய்க்குள் கொழுக்கட்டை. அன்றிரவு முழுக்க, சீ, நானும் ஒரு மனுசனா என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டி என்ன பயன்? அடுத்த கிழமை ஒருவர் கார் பார்க்கக் கூப்பிட, போய் எண்ணெய்க் கம்பியை மணந்து "உம்" என்றுவிட்டு வந்தார். அந்த உம் அவருக்கே நாறியது.

ஆடி பிறந்தது. ட்ரெயிலரும் பிக்கப்பும் திருத்தி வந்துவிட்டன. காஸ்பேக்குப் புறப்படும் நாள் காலையில் லவாலில் அருளம்பலத்தின் வீட்டு வளவில் ட்ரெயிலர் காலூன்றி நின்றது. அருளம்பலமும் மனைவியும், சாருஜாவும் புருசனும், வழியனுப்ப வந்த கணேசலிங்கமும் கூடி நின்றார்கள். சிவாஜினி சாப்பாட்டுப் பெட்டிகளோடு வாசற்படியில் இருந்தாள்.

"அக்கா, அங்காலை இருந்தால் காணும், கிட்ட வந்திடாதேங்கோ!" என்றார் கணேசலிங்கம். எல்லோரும் சிரித்தார்கள். சாருஜாகூடச் சிரித்தாள்.

மகள் சிரித்ததுதான் அவரைக் கொன்றது. தாயை மட்டமாக எண்ணப் பிள்ளைக்குத் தானே கற்றுக்கொடுத்துவிட்டேனே என்று அப்போதுதான் உறைத்தது.

பின்னுக்கு வந்து கொளுவினார். "டக்" என்றது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கினார். கால்களை உயர்த்தப் போகவில்லை. சனத்துக்கு நடுவில் வந்து நின்றார்.

"சிவாஜினி, டோர்ச்சைக் கொண்டு வாறியே?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அண்டைக்கு அந்தக் கைப்பிடியிலை கட்டச் சொன்னது நான். அவ வேண்டாமெண்டவ. டோர்ச் அடிக்க வந்தவவை நான்தான் துரத்தினனான். இழுத்துப் பாக்கச் சொன்னவ, நான் பாக்கேல்லை. இந்தக் கொளுவியைத் தெரிஞ்செடுத்ததும் அவதான். எனக்கு ட்ரெயிலர் இழுக்கத் தெரியாது சம்பந்தி. தெரியாதெண்டு உங்களுக்குச் சொல்ல வெக்கமா இருந்தது."

கணேசலிங்கத்தின் முகத்தில் ஈயாடவில்லை. சாருஜா தாயைத் திரும்பிப் பார்த்தாள். அருளம்பலம் மட்டும் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்குத் தெரியும் சம்பந்தி. நான் பக்கத்திலைதானே நிண்டனான்."

நகுலேஸ்வரன் நிமிர்ந்தார். "அப்ப ஏன் ஒண்டும் கதைக்கேல்லை?"

"கதைக்கத்தான் வெளிக்கிட்டனான். அண்டைக்குப் பின்னேரமே என்ரை மனிசி தொலைபேசி எடுத்து, 'பாவம் சம்பந்தியம்மா, நாங்கள் எல்லாருக்கும் உண்மையைச் சொல்லுறம்' எண்டு கேட்டவ. சம்பந்தியம்மா விடேல்லை. 'சனத்துக்குச் சிரிக்க ஒரு ஆள் வேணும். அவரைப் பாத்துச் சிரிச்சால் அவர் தாங்கமாட்டார். என்னைப் பாத்துச் சிரிக்கட்டும், எனக்கு ஒண்டும் குறைஞ்சு போகாது' எண்டவ."

ட்ரெயிலர் விழுந்த அன்றுகூட அவர் இப்படிக் கூனிக் குறுகவில்லை. இத்தனை நாளும் தன்னுடைய பெயரைத் தான் காப்பாற்றி வைத்திருப்பதாக நினைத்திருந்தார். வேறொருத்தி அல்லவா அதைத் தலையில் வைத்துக் காவியிருக்கிறாள்! எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கொளுவியைப் பார்த்தார்.

சிவாஜினி பெட்டிகளை வைத்துவிட்டு டோர்ச்சோடு வந்தாள். பெட்டி விளிம்பில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, தாடைக்குள் வெளிச்சம் அடித்து, அவசரப்படாமல் பார்த்தாள். கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே எனக்கு" என்றார் அவர், அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில். "ஒருக்கா ஏசியிருக்கலாமே."

அவள் நிமிரவில்லை. "நீங்களா எப்ப சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றாள். "ஒவ்வொரு நாளும் பாத்தனான்."

அவள் டோர்ச்சை அணைத்தாள்.

"பூட்டிட்டுது. காலை உயத்தாதேங்கோ. முதல் இழுத்துப் பாருங்கோ."

"சரி" என்றுவிட்டு நகுலேஸ்வரன் ஏறப் போனார். எல்லோரும் சிவாஜினியின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.